சித்திரை விடுமுறையில் வீட்டிலேயே விஞ்ஞானம்: மலையகப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றி "எரிமலை" காட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நுரை பொங்கும், கை தட்டுவார்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் அளப்பதற்கு ஒன்றுமில்லை, ஊகிப்பதற்கும் ஒன்றுமில்லை. இணையத்தில் கிடைக்கும் கோடைகாலச் செயற்பாடுகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. மீதிப் பாதிக்குக் கடற்கரை மணலோ கொளுத்தும் வெயிலோ வேண்டும்.

மலைநாட்டில் அவை இல்லை. ஆனால் கொழும்புப் பிள்ளைக்கு ஒருங்கே கிடைக்காத நான்கு விடயங்கள் இங்கே வாசலிலேயே இருக்கின்றன: உயரம், சரிவு, மழை, தேயிலை. இந்த வழிகாட்டி அந்த நான்கையும் வைத்தே எழுதப்பட்டது. தரம் 1 முதல் 5 வரை பாடசாலையில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று படிப்பதும், தரம் 6இல் விஞ்ஞானம் என்று தொடங்குவதும் இதோடு நேராகப் பொருந்தும். புலமைப்பரிசில் வினாத்தாளை மனத்தில் வைத்து இவற்றைச் செய்விக்க வேண்டாம். அப்படிச் செய்தால் பிள்ளை விடையைத்தான் தேடும், போத்தலைப் பார்க்காது.

தொடங்குமுன்

தேவைப்படுபவை: ஒரே மாதிரியான 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் ஆறு, அடிமட்டம், செலோடேப், அழியாத மை பேனை, ஊசி இல்லாத புதிய 20 மில்லிலீற்றர் சிரிஞ் ஒன்று (பார்மசியில் வாங்குங்கள், பாவித்ததை எடுக்கவே கூடாது), ஊதுபத்தி, அப்பச்சோடா, தேசிக்காய், ஒரு கொப்பி.

கொப்பியில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இடப்பக்கத்தில் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று முதலில் எழுதவேண்டும். செய்து முடித்த பிறகு வலப்பக்கத்தில் "என்ன நடந்தது". இடப்பக்கத்தைப் பிறகு அழித்துத் திருத்த விடாதீர்கள். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை படம் வரையட்டும்.

விதி ஒன்றே ஒன்று: ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு போத்தல்களை ஒப்பிட்டால் மண், தண்ணீர், சாய்வு எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் வேறாக இருக்கவேண்டும். பிள்ளைகள் உற்சாகத்தில் மூன்றையும் மாற்றிவிடுவார்கள். பெரியவரின் வேலை அதைக் கவனிப்பதுதான்.

நேரமும் முக்கியம். சித்திரையில் மலைநாட்டில் காலை வெளித்திருக்கும், பின்னேரம் இடியோடு மழை வரும். வெளி வேலைகளைப் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். முதல் இடி கேட்டதும் உள்ளே வரவேண்டும், மழை தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. கத்தி, அடுப்பு, கொதிநீர் மூன்றும் பெரியவர் கையில். மருந்தடிக்காத கொழுந்தில் செய்த தேயிலையைத் தவிர, பரிசோதனைக்கு எடுத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது.

நிழல் காணாமல் போகும் நண்பகல்

இதற்குத் திகதி இருப்பதால் முதலில் வைத்தோம். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளை எல்லாம் ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கின்றன. வடக்கு நோக்கி நகரும் சூரியன் ஏப்ரல் 7ஆம் திகதியளவில் இந்த ஊர்களுக்கு நேர் உச்சியில் வரும். கண்டிக்கு 8ஆம் திகதி, மாத்தளைக்கு 8 அல்லது 9. ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின்னாகலாம். உச்சி வேளை கடிகாரத்தில் சரியாக 12 மணி அல்ல, 12.09 அளவில். இலங்கை நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் நம்மிடம் சில நிமிடம் பிந்தி வருகிறது.

1. 40 சென்றிமீற்றர் அளவு நீளமான நேரான குச்சி ஒன்றை எடுங்கள். ஒரு வாளியில் ஈர மணலை இறுக்கி அதில் நட்டால் அசையாது. மணலுக்கு மேலே 30 சென்றிமீற்றர் தெரியவேண்டும்.
2. குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி அருகில் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும்.
3. வாளியைச் சமதரையில் வைத்து, குச்சியை நடுவில் விடும்படி துளையிட்ட ஒரு கடதாசி அட்டையை மணலின் மேல் மட்டமாக வையுங்கள்.
4. காலை 10 மணியிலிருந்து அரை மணிக்கொரு தடவை நிழல் நுனியில் புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள். 11.50 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கொரு தடவை.

மலையகத்தில் இதில் அடிக்கடி நேரும் பிழை, நிலம் சமமாக இல்லாததுதான். லயத்து வாசல் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் மழைநீர் ஓடுவதற்காகச் சாய்வாகப் போட்டிருப்பார்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது, முகில். அன்று மூடியிருந்தால் கவலை வேண்டாம். ஒரு நாள் தள்ளினால் 30 சென்றிமீற்றர் குச்சிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நிழல்தான் விழும்.

உண்மையான பாடம் அந்த ஒரு நாளில் மட்டும் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நண்பகலும் ஏப்ரல் கடைசியில் ஒரு நண்பகலும் அளந்து பாருங்கள். முதலாவதில் நிழல் வடக்கே விழும், இரண்டாவதில் தெற்கே. ஜூன் 21இல் அதே குச்சியின் நண்பகல் நிழல் தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 9 சென்றிமீற்றர் இருக்கும். டிசம்பர் 21இல் வடக்கே ஏறத்தாழ 17 அல்லது 18 சென்றிமீற்றர். ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு செப்டெம்பர் 4, 5இல் இன்னொரு வாய்ப்பு உண்டு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பார்க்கவேண்டியது தரையை மட்டும்.

கொழுந்து ஏன் கறுக்கிறது

இதற்கு ஒன்றரை நாள் வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து மலையகம் இதைச் சுற்றித்தான் வாழ்கிறது. ஆனாலும் கொழுந்து எடுக்கும் அம்மாவின் பிள்ளைக்கே, பச்சைக் கொழுந்து எப்படிக் கறுப்புத் தூள் ஆகிறது என்று பல வேளைகளில் தெரிவதில்லை.

வீட்டோரத்துச் செடிகளில் மருந்தடிக்காத கொழுந்தாக 100 கிராம் வேண்டும்: இரண்டு இலையும் ஒரு மொட்டும். தோட்ட மலையில் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். எப்போது மருந்தடித்தார்கள் என்றும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கடைசியில் வரும் தூளைக் குடிக்காமல் நிறத்தை மட்டும் பாருங்கள்.

வாட்டுவதுதான் முதல் வேலை. சுத்தமான துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாதபடி இலையைப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் இரவு முழுவதும் விடுங்கள். 12 முதல் 18 மணி நேரம் ஆகும். மழை நாளில் இன்னும் கூடும். பதம் பார்க்க ஒரு பிடி இலையைக் கையில் இறுக்கி விடுங்கள். உடனே விரிந்தால் இன்னும் வாடவில்லை. உருண்டையாகவே கிடந்தால், காம்பு முறியாமல் வளைந்தால் சரி. தராசு இருந்தால் இன்னும் நல்லது: 100 கிராம் கொழுந்து 55 முதல் 60 கிராம் வரை இறங்கியிருக்கும். காணாமல் போன நாற்பது சொச்சம் கிராம் எங்கே போனது என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது இலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை இட்லிச் சட்டியிலோ, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் வைத்த வடிதட்டிலோ இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, பரப்பி ஆறவிடுங்கள். மற்றப் பாதியை ஒன்றும் செய்யவேண்டாம். இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு இந்த இரண்டு நிமிட ஆவிதான்.

அடுத்தது உருட்டல். ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக, உள்ளங்கைகளுக்கு இடையில் அழுத்தி 10 முதல் 15 நிமிடம் உருட்டவேண்டும். சின்னக் கைகள் ஐந்து நிமிடத்தில் களைத்துவிடும், மாறிமாறிச் செய்யுங்கள். இலை முறுகி, மேலே பிசுபிசுப்பான சாறு கசிந்து, கையில் ஒட்டும்போது போதும். ஆவி வைத்ததை முதலில் உருட்டிவிட்டு, கையைக் கழுவி, பிறகு மற்றதை உருட்டுங்கள்.

உருட்டியதை இரண்டு தட்டுகளில் ஒரு சென்றிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, பிழிந்த ஈரத்துணியை இலையில் படாமல் மேலே மூடுங்கள். அரை மணிக்கொரு தடவை திறந்து நிறமும் வாசனையும் கொப்பியில் ஏறவேண்டும். ஆவி வைக்காத தட்டு முதலில் ஓரங்களில் மஞ்சள் பட்டு, பிறகு செம்பு நிறமாக மாறும். பச்சை இலை வாசம் போய்ப் பழ வாசம் வரும், ஆலைக்குப் பக்கத்தில் நடக்கும்போது வருமே, அதே வாசம். மற்றத் தட்டு பச்சையாகவே இருக்கும். இரண்டு முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துக் குளிரில் இன்னும் கூடுதலாகும், அடுப்படியில் வைத்தால் விரைவாகும். கடைசியாகப் பெரியவர் ஒருவர் அடிகனமான தாச்சியில் மெல்லிய நெருப்பில் 15 முதல் 20 நிமிடம் கிளறி மொறுமொறுப்பாகக் காயவைக்கவேண்டும். செம்பு நிறமானது கறுப்பாகிவிடும்.

காரணம் இதுதான். இலையின் கலங்களுக்குள் துவர்ப்புப் பொருட்கள் ஓரிடத்திலும், அவற்றை மாற்றும் நொதியம் இன்னோரிடத்திலும் இருக்கின்றன. உருட்டும்போது கலச் சுவர்கள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. வெட்டிவைத்த கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் கறுப்பதும் இதே வேலைதான். ஆவியின் சூடு நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் கலம் கிழிந்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்று கறுப்புத் தேயிலை, மற்றது பச்சைத் தேயிலை, செடி ஒன்றே.

பிழைக்கும் இடங்கள்: வாட்டாமல் உருட்டினால் இலை முறுகாது, துண்டு துண்டாகக் கிழிந்து சாறு ஒழுகும். மெதுவாக உருட்டினால் திட்டுத்திட்டாக மட்டுமே சிவக்கும். ஆவி வைத்த இலையின் ஓரம் பழுப்பானால் ஆவி போதவில்லை, அல்லது இலையைக் குவித்து வைத்திருக்கிறீர்கள். புளித்த வாடை வந்தால் பரப்பிய கனம் கூடிவிட்டது, அல்லது காயவைக்கப் பிந்திவிட்டீர்கள். மூன்றாவது பங்கு ஒன்றை உருட்டாமலேயே தட்டில் வைத்துப் பார்த்தால், உருட்டல் இல்லாவிட்டால் இலை அதிகம் மாறாது என்பதும் தெரியும். தரம் 4, 5 பிள்ளைகளுக்கு அதையும் சேருங்கள்.

சாயத்தண்ணியும் சிவப்புக் கோவாவும்

ஒரே சாயத்தண்ணியை, பால் சீனி இல்லாமல், நான்கு கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் ஐந்து துளி தேசிக்காய்ச் சாறு, ஒன்றில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா. நான்காவதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு இரவு வையுங்கள். தேசிக்காய் நிறத்தை வெளிறச் செய்யும், சோடா கருஞ்சிவப்பாக்கும், ஆணி போட்டது மை போலக் கறுக்கும். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சேர்வை உண்டாகும். பழைய காலத்தில் எழுதும் மை செய்ததும் இப்படி, துவர்ப்புப் பொருளையும் இரும்பு உப்பையும் கலந்துதான்.

நிறங்கள் இன்னும் வேண்டுமென்றால் நுவரெலியாவில் விளையும் சிவப்புக் கோவாவில் கால் பங்கை நறுக்கி, இரண்டு கோப்பை சுடுநீரில் 15 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். ஊதா நீர் கிடைக்கும். தேசிக்காய், வினாகிரி பட்டால் இளஞ்சிவப்பு, அப்பச்சோடா பட்டால் நீலம், சவர்க்காரத் தண்ணீர் பட்டால் நீலப்பச்சை. சிறு சிறு மூடிகளில் வீட்டிலிருக்கும் பொருட்களைச் சோதித்து அமிலம், காரம் என்று வரிசைப்படுத்தலாம். கழிவறை, துணி வெளுக்கும் திரவங்களை இந்த விளையாட்டில் சேர்க்கவே கூடாது. வெளுக்கும் திரவமும் வினாகிரியும் கலந்தால் நச்சு வாயு வரும். கோவா நீர் மூன்று நாளில் நாறத் தொடங்கும், குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஊரில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாப் பூக்களைப் பார்த்துவரச் சொல்லுங்கள். தேயிலைக்கு அமில மண் பிடிக்கும். அமில மண்ணில் செடிக்கு அலுமினியம் எளிதாகக் கிடைப்பதால் இந்தப் பூ நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு கலந்த சுவரோரத்து மண்ணில் இளஞ்சிவப்பாகச் சாயும். எந்த இடத்தில் எந்த நிறம் என்று ஒரு வரைபடம் போடலாம். வெள்ளைப் பூ வகைக்கு மட்டும் இது பொருந்தாது. செடி நஞ்சு, மெல்லக் கூடாது.

மழைமானி

விடுமுறை முடிந்த பிறகும் நாள்தோறும் தொடரக்கூடிய ஒரே செயற்பாடு இது. அதனால் ஒழுங்காகச் செய்யுங்கள்.

போத்தலைத் தேர்வதிலேயே பாதி வேலை இருக்கிறது. இடுப்பு ஒடுங்கியதும் வளையம் வளையமாக மடிப்பு உள்ளதும் வேண்டாம். பக்கம் நேராக இருக்கவேண்டும், ஏனென்றால் மேலும் கீழும் ஒரே அகலம் இருந்தால்தான் அடிமட்டத்தில் வாசிக்கும் மில்லிமீற்றர் அப்படியே மழையின் மில்லிமீற்றர் ஆகும்.

1. மேற்பகுதி சரிந்து முடிந்து பக்கம் நேராகத் தொடங்கும் இடத்தில் சுற்றிவர வெட்டுங்கள்.
2. அடியில் இரண்டு பிடி கூழாங்கல் போடுங்கள், காற்றில் விழாது.
3. அடியின் மேடுபள்ளமும் கல்லும் மூழ்கி, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம்.
4. பூச்சியத்திலிருந்து மேலே மில்லிமீற்றர் கோடு போட்ட கடதாசியை ஒட்டி, அதன்மேல் முழுவதும் செலோடேப் போடுங்கள்.
5. வெட்டிய மேற்பகுதியை, மூடி இல்லாமல், தலைகீழாகப் புனல் போல உள்ளே இறக்கி விளிம்பில் ஒட்டுங்கள்.

வைக்கும் இடம்: கூரை, மரம், மதில் எதுவாயினும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி. லயத்தில் இது எளிதல்ல. மரக்கறித் தோட்டத்தின் நடுப்பகுதி பொதுவாகப் பொருந்தும். தரையில் தெறிக்கும் நீர் உள்ளே போகாதபடி 30 சென்றிமீற்றர் உயரத்தில், நான்கு செங்கல்லுக்கு இடையில் இறுக்கி, விளிம்பு மட்டமாக இருக்கவேண்டும்.

வாசிப்பது ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு. வளிமண்டலவியல் திணைக்களமும் நாளாந்த மழையை அந்நேரத்தில்தான் கணக்கிடுகிறது, ஆகவே செய்தியில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கவேண்டும். நீரின் மேற்பரப்பு போத்தலோடு ஒட்டும் ஓரத்தில் சற்று ஏறியிருக்கும். நடுவிலுள்ள தாழ்ந்த மட்டத்தையே எடுங்கள். எழுதிய பிறகு பூச்சியத்துக்கு மேலுள்ளதைக் கொட்டிவிடுங்கள்.

மழையில்லாத நாளில் நீர் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால் ஆவியாகிவிட்டது. அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் அது குறையும், நுளம்பு முட்டையிடுவதும் தடுக்கப்படும். என்றாலும் வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள், டெங்கு நுளம்புக்கு இவ்வளவு தண்ணீரே போதும்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுரமீற்றர் தரைக்கு ஒரு லீற்றர் தண்ணீர். 6 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள தகரக் கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 240 லீற்றர். பீப்பாய் ஒன்று நிரம்பி வழிகிறது. பிள்ளையை இந்தப் பெருக்கலைச் செய்யவிட்டு, பிறகு பீப்பாயைக் காட்டுங்கள்.

பதுளைப் பக்கத்தில் சித்தி வீடும் வட்டவளைப் பக்கத்தில் மாமா வீடும் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மழைமானி வைத்துத் தொலைபேசியில் எண்ணைக் கேட்டு எழுதலாம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். டிசம்பரில் கதை தலைகீழ்.

மலையகத்தில் இந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவையே அடிப்படையாக எடுக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறல். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. வீட்டு மழைமானி அரசாங்க அறிவித்தலுக்கு மாற்றல்ல. எண் ஏறிக்கொண்டே போனால், அல்லது நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று தெரிந்தால், எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இடத்தை விட்டு விலகி 117க்கு அழைக்கவேண்டும். பிள்ளைக்கு இதைப் பயமுறுத்தாமல், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

மண்ணைப் பிடிப்பது எது

மூன்று போத்தல்களைப் படுக்கவைத்து மேல்பக்கத்தில் நீளவாக்கில் சாளரம் போல வெட்டுங்கள், கழுத்து அப்படியே இருக்கட்டும். ஒரே இடத்து மண்ணை, கல் பொறுக்கி, மூன்றிலும் 4 சென்றிமீற்றர் உயரத்துக்கு நிரப்பிச் சமமாக அழுத்துங்கள். முதலாவது வெறும் மண். இரண்டாவதின் மேல் காய்ந்த மானாப்புல்லை நறுக்கி இரண்டு சென்றிமீற்றர் கனத்துக்கு மூடுங்கள். மூன்றாவதில் கடுகை நெருக்கமாக விதைத்து இரண்டு வாரம் வளரவிடுங்கள். அதனால் இந்தப் போத்தலை விடுமுறையின் முதல் நாளே தொடங்கவேண்டும்.

பரிசோதனை நாளில் மூன்றிலும் முதலில் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாக்குங்கள். காய்ந்த மண் தண்ணீரை முதலில் ஏற்காது, கணக்கு பிழைக்கும். போத்தலின் அடிப்பக்கத்தை ஒரு செங்கல்லின் மேல் ஏற்றி, மூடியில்லாத கழுத்துக்குக் கீழே கண்ணாடிக் கிளாஸ் வையுங்கள். இன்னொரு போத்தல் மூடியில் பத்துத் துளையிட்டு, 250 மில்லிலீற்றர் தண்ணீரை 30 சென்றிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு நிமிடத்தில் மழைபோல் விடுங்கள். வெறும் மண்ணிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் வரும், மூடியதிலிருந்து ஏறத்தாழத் தெளிவாக வரும். கிளாஸை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் கனத்தை அடிமட்டத்தால் அளந்தால் எண்ணும் கிடைக்கும்.

துளியின் அடிதான் மண்ணை உடைக்கிறது, ஓடும் நீர் அதைத் தூக்கிப் போகிறது. புல் அடியைத் தாங்குகிறது, வேர் மண்ணைக் கட்டுகிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சியையும் இலையையும் அப்படியே பரப்பிவிடுவதும், குறுக்கே கான் வெட்டுவதும் எதற்கு என்று அதன்பிறகு மலைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தண்ணீர் போத்தல் சுவரோரமாக மட்டும் வழிந்தால் ஓரத்து மண்ணை விரலால் அழுத்திவிட்டு மறுபடி செய்யவேண்டும்.

இடியை எண்ணுதல்

பின்னேர மழைக்கு உள்ளே அடைபட்டிருக்கும்போது: மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர். ஐந்து மின்னலை எழுதினால் மழை வருகிறதா போகிறதா என்று தெரியும். கதவுப்பக்கமோ இஸ்தோப்பிலோ நின்று எண்ணக்கூடாது. மலைகளில் எதிரொலித்து இடி நீண்டு உருளும், முதல் சத்தத்தையே எடுக்கவேண்டும்.

உயரம் என்ன செய்கிறது

பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். உயரம் கூடக்கூட மேலேயுள்ள காற்றின் அமுக்கம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கண்டியில் ஏறத்தாழ 98 பாகை செல்சியஸ், ஹட்டனில் 96, 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94. எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடேறாது. குக்கர் அமுக்கத்தைக் கூட்டுவதால்தான் விரைவாக வேகிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைச் சுடுநீரில் விடக்கூடாது, வெடித்துவிடும்.

இதைக் கண்ணால் காட்ட சிரிஞ் உதவும். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, ஏறத்தாழ 70 பாகையில் (ஆவி பறக்கும், குமிழி இராது) பெரியவர் 4 மில்லிலீற்றர் உறிஞ்சவேண்டும். நுனியை மேலே பிடித்து உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றி, நுனியை விரலால் இறுக அடைத்துத் தண்டைப் பின்னே இழுங்கள். தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கும். விட்டால் நின்றுவிடும். நெருப்பே இல்லாமல் கொதிக்கிறது, அமுக்கம் மட்டும்தான் குறைந்தது. ஒன்றும் நடக்கவில்லையென்றால் தண்ணீர் ஆறிவிட்டது, அல்லது காற்று உள்ளே இருக்கிறது, அல்லது விரல் சரியாக அடைக்கவில்லை. மெல்லிய றப்பர்த் துண்டை விரலுக்கும் நுனிக்கும் இடையில் வைத்தால் சூடும் படாது.

போத்தலுக்குள் மூடுபனி செய்வதும் இதன் தொடர்ச்சிதான். 1.5 லீற்றர் போத்தலில் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். எரியும் ஊதுபத்தியின் நுனியை வாயருகே மூன்று விநாடி பிடித்துப் புகையை உள்ளே விட்டு மூடியை இறுக்குங்கள். இரண்டு கையாலும் ஐந்து விநாடி பலமாக நெரித்து, சட்டென்று விடுங்கள். உள்ளே வெண்பனி படரும். மறுபடி நெரித்தால் மறையும். காற்று விரியும்போது குளிர்கிறது, நீராவி புகைத் துகள்களில் ஒடுங்கித் துளியாகிறது. பள்ளத்துக் காற்று சரிவில் ஏறும்போதும் அமுக்கம் குறைந்து விரிகிறது, 100 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை குளிர்ந்து பனியாகத் தெரிகிறது. கொதிநீர் விட்டால் போத்தல் சுருங்கிவிடும். புகை விடாமல் ஒரு தடவையும் செய்து பாருங்கள், பனி தெரிவதே அரிது.

கடைசியானது யாராவது கொழும்புக்குப் போகும்போது செய்யவேண்டியது. நுவரெலியாவில் உள்ளே ஈரமில்லாத வெறும் 1.5 லீற்றர் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கிக் கொடுத்துவிடுங்கள். வழியில் திறக்கக்கூடாது. ரம்பொடை இறக்கத்திலேயே பக்கங்கள் உள்வாங்கத் தொடங்கும். கொழும்பில் ஒரு வாளித் தண்ணீரில் போத்தலைத் தலைகீழாக அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திறந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். போத்தல் பழைய வடிவுக்குத் திரும்பியதும் மூடியைப் போட்டு வெளியே எடுத்து, உள்ளே வந்த தண்ணீரை அளவுக் கோப்பையால் அளக்கவேண்டும். நுவரெலியாவில் மூடியதென்றால் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிலீற்றர், ஹட்டனில் மூடியதென்றால் 150 முதல் 200. எண் மிகக் குறைவாக வந்தால் மூடி கசிந்திருக்கிறது. போத்தலை வெயில் படும் யன்னலோரம் வைத்துக் கொண்டுவந்திருந்தாலும் உள்ளேயுள்ள காற்று சூடாகி எண் குறையும், ஆகவே திறக்குமுன் அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் கனமாக இருந்தால் பக்கம் அதிகம் ஒடுங்காது, ஆனாலும் தண்ணீர் உள்ளே ஏறும்.